நூற்று ஐம்பத்து மூன்று பாதம்

யுப்லினாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஓயெபாபி ஊர்த் தேவாலயத்தில் போதகர் பிரசங்கத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் பெஞ்சுக்கு அடியில் அவள் கால்கள் ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் ஆடுவார்கள்.

"நிலநடுக்கமாடி?" என்று ஒருத்தி கிசுகிசுப்பாள்.

"இல்ல, நெனொபைஸ் வீட்டுப் பொண்ணு" என்பாள் இன்னொருத்தி.

உட்கார முடியாத நேரத்தைக் கழிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். குதிகாலையும் பெருவிரலையும் ஒட்ட ஒட்ட வைத்து, எதையாவது பாதத்தால் அளப்பாள். வீட்டிலிருந்து கிணறு வரை எத்தனை, கிணற்றிலிருந்து கடற்கரை வரை எத்தனை, பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து தலைமையாசிரியர் மேசை வரை எத்தனை என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காலில் செருப்பு இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளப்பாள். தீமோர் தீவின் தென்கரையில் சோளமும் ஆடும் வைத்துப் பிழைக்கும் அந்த ஊரில் இது ஒரு பெரிய விஷயமில்லை. சும்மா இருக்காத பிள்ளை, அவ்வளவுதான்.

அவளுடைய வாழ்க்கையை மாற்றியது ஒரு கிழிந்த டேப்.

பதினான்கு வயதில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நீளம் தாண்டினாள். வெறுங்காலில் ஓடிவந்து கடல்மணல் கொட்டிய குழியில் விழுந்தாள். டேப்பைப் பிடித்து அளந்த வாத்தியார் இரண்டு முறை கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அஞ்சு மீட்டர் அறுபத்தொண்ணு!" என்று கத்தினார். ஊரே கூத்தாடியது. பன்றி அடித்தார்கள். ஒரு மாதம் கழித்து குப்பாங் நகரத்தில் மாகாணப் போட்டி. ஓடிவரும் தூரத்தையும் அதே டேப்பால் அளந்து எழுதிக் கொடுத்திருந்தார் வாத்தியார். அந்தக் கணக்கில் ஓடியபோது, காலூன்றித் தாண்ட வேண்டிய பலகை எட்டாமல் தள்ளி நின்றது; அதைப் பிடிக்கப் போய் இரண்டு முறை பலகையைத் தாண்டிக் கால் வைத்தாள், சிவப்புக் கொடி. மூன்றாவது முறை பயந்து பயந்து தாண்டியதில் ஐந்து மீட்டர் எட்டு.

"ஊர்ல எல்லாரும் சேர்ந்து ஏமாத்தினீங்களா?" என்று அங்கே ஓர் அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஊருக்குத் திரும்பி டேப்பை முழுவதும் இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எப்போதோ கதவிடுக்கில் மாட்டி நடுவில் கிழிந்த டேப்பை, கிழிந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து யாரோ அழகாகத் தைத்து வைத்திருந்தார்கள். நடுவில் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் காணவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தாள். டேப் பொய் சொல்லும். பாதம் சொல்லாது.

ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கிய பெண்ணை ஒருவர் மட்டும் மறக்கவில்லை. குப்பாங்கில் விளையாட்டு விடுதிப் பயிற்சியாளராக இருந்த மெல்கி மாஸ்டர். அவர் ஒன்றும் பெரிய ஞானி இல்லை. சுள்ளென்று கோபம் வரும், வந்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். ஆனால் அந்தக் கால்களின் வேகம் அவர் கண்ணில் பட்டிருந்தது. விடுதிக்குக் கூட்டிவந்தார். முதல் நாளே சண்டை.

"டேப்ப போடு. ஓடிவர்ற தூரம் எவ்வளவுன்னு எழுதிக்கலாம்" என்றார்.

"வேணாம் மாஸ்டர். நான் பாதத்துல அளந்துக்குறேன்."

"மழைக்கு ஒதுங்கின கோழி மாதிரி குறுக்க குறுக்க நடந்துட்டு இருக்க. உலகம் பூரா மீட்டர்ல அளக்குது."

"உலகத்துக்கு என் காலு இல்லையே மாஸ்டர்."

தொப்பி தரையில் விழுந்தது. ஆனால் அவள் அளந்து வைத்த அடையாளத்திலிருந்து ஓடிவந்தபோது, பலகையின் விளிம்பில் கால் பூப்போல வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். அதன்பின் பல வருடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வளர்ந்து ஆளானபின் அவளுடைய கணக்கு நூற்று ஐம்பத்து மூன்று. பலகையிலிருந்து பின்னால் நூற்று ஐம்பத்து மூன்று வெறும் பாதம். அங்கே ஒரு துண்டு ஒட்டுப்பட்டை. பிறகு முள் பதித்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தேசியப் போட்டியில் தங்கம் வாங்கியதும் அந்தக் கணக்கில்தான். தென்கிழக்காசியப் போட்டியில் இரண்டு முறை வெண்கலம் வாங்கியதும் அந்தக் கணக்கில்தான். பாங்காக், மணிலா, ஹனோய் எந்த ஊருக்குப் போனாலும், மற்ற நாட்டுப் பெண்கள் டேப்பை விரித்துக்கொண்டிருக்கும்போது இவள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அசைய, குதிகாலும் விரலுமாக நடந்துகொண்டிருப்பாள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது.

தங்கம் வாங்கிய வருடம் மாவட்டத் தலைவர் ஓயெபாபியில் ஒரு மணல்குழியும் மண் ஓடுபாதையும் கட்டிக் கொடுத்தார். குழிக்குப் பக்கத்தில் சிமெண்ட் பூசி, ஈரத்தில் அவளுடைய வலது பாதத்தைப் பதிக்க வைத்தார்கள். ஓடுபாதையின் ஓரத்தில், சரியாக நூற்று ஐம்பத்து மூன்றில், அவளே ஒரு வெள்ளைக்கல்லை இடுப்பளவு குழி தோண்டி நட்டாள். மாவட்டத் தலைவர் போனபின் ஓடுபாதையில் பெண்கள் சோளம் காயவைத்தார்கள். மணலில் ஆடுகள் படுத்தன. யுப்லினா வருடத்துக்கு ஒரு முறை வந்து ஆடுகளை விரட்டுவாள்.

இருபத்தேழு வயதில் தொமிங்குஸைக் கல்யாணம் செய்தாள். குப்பாங்கில் பாட்டு அலற வண்டி ஓட்டும் ஆள். அடுத்த வருடம் நெல்சி பிறந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமானவை. எட்டாம் மாதத்தில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நடந்து நடந்து ஒரு பாதையே போட்டுவிட்டாள். பிரசவம் முடிந்த நாற்பதாம் நாள் காலை, தொமிங்குஸ் கண்விழித்தபோது பக்கத்தில் பிள்ளை மட்டும் இருந்தது. பிள்ளையின் தாய் மைதானத்தில் இருந்தாள்.

ஒன்றரை வருடம் உழைத்தாள். ஓட்டம் திரும்பியது. வயிற்றின் பலம் திரும்பியது. முப்பது மீட்டர் ஓட்டத்தில் பழைய நேரத்தைத் தொட்டுவிட்டாள் என்று மாஸ்டரே கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். அடுத்த தென்கிழக்காசியப் போட்டிக்கு ஆள் எடுக்க மூன்று தகுதிச் சுற்றுகள். ஏதாவது ஒன்றில் ஆறு மீட்டர் முப்பது தாண்டினால் அணியில் இடம். இல்லையென்றால் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது ஆகியிருந்தது. அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம் ஆகும் என்பதையும், அதற்குள் இளம்பெண்கள் வந்துவிடுவார்கள் என்பதையும் யாரும் சொல்லத் தேவையில்லை.

முதல் சுற்றில் மூன்று தாண்டலும் சிவப்புக் கொடி.

காரணம் விளங்கவில்லை. கடைசி இரண்டு எட்டு வைக்கும்போது பலகை எங்கேயோ தள்ளி நின்றது. எட்டிப் பிடிக்கக் காலை நீட்டினால் உடம்பு பின்னால் சாய்ந்து வேகம் செத்தது. நடுவில் ஒரு குட்டி எட்டு கூடுதலாக வைத்தால் பலகையைத் தாண்டிப் போனது. இரண்டாவது சுற்றிலும் அதே கதை. ஒரே ஒரு தாண்டல் செல்லுபடியானது, ஐந்து மீட்டர் எண்பத்தொன்பது.

அந்தச் சுற்றில் ஜாவாவிலிருந்து வந்த நிங்ரும் என்ற பத்தொன்பது வயதுப் பெண் அவள் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது டிவியில உங்களைப் பாத்திருக்கேன். அப்ப இவ்வளவு பின்னாடி இருந்து ஓடி வர மாட்டீங்களே?"

"டிவியில எல்லாம் சின்னதாத்தான் தெரியும்" என்றாள் யுப்லினா.

மாஸ்டர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "நாலு பாதம் முன்னாடி வா."

"கணக்கு சரியா இருக்கு மாஸ்டர்."

"டேப் போட்டுப் பாத்தேன்டி. எங்கிட்ட பழைய நோட்டு இருக்கு. உனக்குத் தெரியாம அப்பவே அளந்து எழுதி வச்சிருக்கேன். முப்பத்தாறு அம்பத்தேழு. இன்னைக்கு நீ நிக்கிறது முப்பத்தேழு அறுபத்து நாலு!"

"எனக்குத் தெரியாம அளந்தீங்களா?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"அப்ப உங்க டேப்ல எங்கயோ தையல் இருக்கும்."

தொப்பி தரையில் விழுந்தது. இந்த முறை அவர் அதை எடுக்காமலேயே போய்விட்டார்.

மூன்றாவது சுற்றுக்கு மூன்று வாரம் இருந்தது. யுப்லினா கணவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓயெபாபிக்குப் போனாள். ஓய்வெடுக்க என்று சொல்லிக்கொண்டாள். ஊரில் இறங்கிய உடனே ஓய்வு போயிற்று. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அன்பாகத்தான் விசாரித்தார்கள்.

"எல்லாம் சிவப்புக் கொடியாமே?"

"பிள்ளை பெத்த இடுப்பு. அது ஒண்ணும் ரப்பர் இல்லையே கண்ணு."

"போதும்டி தாண்டினது. எங்க தாண்டிப் போனாலும் கடைசில மணல்லதான விழற."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தை வைத்துவிட்டு நேராக ஓடுபாதைக்குப் போனாள். மறந்துபோன குடத்தைத் தொமிங்குஸ் எடுத்துக்கொண்டு, தோளில் தூங்கும் பிள்ளையோடு பின்னால் வந்தான்.

செருப்பைக் கழற்றிப் போட்டாள். பலகையில் குதிகாலை ஒட்டி வைத்துப் பின்னால் எண்ணத் தொடங்கினாள். காய்ந்துகொண்டிருந்த சோளத்தைக் காலால் ஒதுக்கினாள். நூறு. நூற்று இருபது. நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிய, நின்றாள். அவளுடைய கல். நூற்று நாற்பத்து ஒன்பதாவது பாதம் கல்லைத் தாண்டி விழுந்தது.

நூற்று ஐம்பத்து மூன்று முடிந்தபோது கல் ஒரு மீட்டருக்கும் மேலே முன்னால் நின்றது.

"தோபியாஸ் சித்தப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் நெல்சி விழித்துக்கொண்டாள்.

ஓடுபாதையை ஒட்டி ஆட்டுப்பட்டி வைத்திருந்த தோபியாஸ், வெற்றிலைப் பையோடு நிதானமாக எழுந்து வந்தார்.

"என் கல்ல யாரு நகத்தினது?"

"யாரு நகத்தினா?"

"நீங்கதான். ஆடு கட்ட வசதியா குழிப்பக்கம் தள்ளிப் போட்டிருக்கீங்க."

"ஏம்மா, அந்தக் கல்லு இடுப்பு ஆழத்துக்கு உள்ள இருக்கு. தோண்டினது நீ. எனக்கு முதுகுவலி. என் ஆடுங்களுக்கும் கடப்பாரை பிடிக்கத் தெரியாது."

"சும்மா சொல்லாதீங்க. அஞ்சு பாதம் முன்னாடி வந்திருக்கு!"

"உன் கொடி சிவப்பானா என் ஆடு என்ன பண்ணும்?" என்று அவரும் குரலை உயர்த்தினார். "ஊரெல்லாம் சொல்றது சரிதான். தாண்ட முடியலன்னதும் கல்லு மேல பழி, ஆட்டு மேல பழி!"

வெடுக்கென்று திரும்பி மறுபடி அளந்தாள். மறுபடியும் கல் தாண்டிப் போயிற்று. மூன்றாவது முறை அளந்தபோதும் அப்படியே. கல்லைச் சுற்றிலும் புல் வேரோடி இருந்தது. மண் கிளறின தடமே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. கல் நகரவில்லை என்றால் பலகை நகர்ந்திருக்க வேண்டும். பலகை சிமெண்டில் பதித்தது. அதுவும் நகரவில்லை என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான். அதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

குழியோரத்துச் சிமெண்ட் தளத்தில் ஓர் ஆடு படுத்திருந்தது. அதை விரட்டினாள். புழுக்கையைக் கையால் தள்ளிவிட்டு, ஏழு வருடத்துக்கு முன் தானே பதித்த பாதத்தில் வலது காலை வைத்தாள்.

குதிகால் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருவிரல் உட்காரவில்லை. விளிம்பின் மேல் ஏறி நின்றது.

காலை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விரல் ஏறி நின்றது. அரை விரல் அகலம்கூட இருக்காது. அவ்வளவுதான்.

"என்ன ஆச்சு?" என்றான் தொமிங்குஸ்.

"என் காலு நீண்டுருச்சு."

அவன் குனிந்து பார்த்தான். "நெல்சி வயித்துல இருந்தப்ப செருப்பு கடிக்குது கடிக்குதுன்னு நீதான சொன்ன? வீக்கம், வத்திரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. வத்தலையோ என்னவோ. ஷூ கூட ஒரு சைஸ் பெருசா வாங்கினோமே."

"வாங்கினேன். வாங்கும்போது தோணவே இல்ல பாரு."

"எனக்கும் பெத்ததுக்கு அப்புறம் வயிறு வந்துச்சு. யாரும் கண்டுக்கல" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை. மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அரை விரல் என்றால் ஏழு மில்லிமீட்டர். அதை நூற்று ஐம்பத்து மூன்றால் பெருக்கினால் ஒரு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். மாஸ்டரின் நோட்டில் இருந்த அதே வித்தியாசம்.

டேப்பை நம்பாமல் பதினைந்து வருடம் பாதத்தையே நம்பியவளுக்கு அந்தப் பாதமே மாறிப்போயிருந்தது. தையல் அவள் காலில் இருந்தது. இரண்டு சுற்று வீணாகியிருந்தது. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

கைபேசியில் சமிக்ஞை கிடைக்க மேட்டுக்கு ஓட வேண்டும். ஓடினாள்.

"மாஸ்டர், டேப்ப எடுத்துட்டு வாங்க."



"யாரு பேசுறது?" என்றார் மாஸ்டர்.

"யுப்லினாதான்."

"இல்ல. அந்தப் பொண்ண எனக்குத் தெரியும். அவ இப்படிப் பேச மாட்டா. இன்னொரு தடவ சொல்லு."

"டேப்ப எடுத்துட்டு வாங்க மாஸ்டர். கால் வளந்துருச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் அவள் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் மறுநாள் காலை முதல் பேருந்தில் இறங்கியவரிடம் டேப்பும் இருந்தது, புதுத் தொப்பியும் இருந்தது.

மூன்று வாரம் போதாது. தவறான இடத்திலிருந்து ஓடி ஓடி, கடைசியில் அந்தக் குட்டி எட்டு காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரியான அடையாளத்திலிருந்து ஓடினாலும் அது தானாக முளைத்தது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை ஓடினாள். சோளக்கஞ்சியை நின்றுகொண்டே குடித்தாள். பெண்கள் சோளத்தை வேறு இடத்துக்கு எடுத்துப் போனார்கள். ஒருத்தியும் கேலி பேசவில்லை, அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கிளம்பும் நாள்வரை பத்துக்கு மூன்று முறை குட்டி எட்டு வந்துகொண்டுதான் இருந்தது.

ஜகார்த்தாவில் மூன்றாவது சுற்று. தூறல். மாஸ்டர் டேப்பை இழுத்து முப்பத்தாறு ஐம்பத்தேழில் பட்டையை ஒட்டினார். அவர் நகர்ந்ததும் யுப்லினா ஷூவைக் கழற்றினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"சும்மா பாக்குறேன்."

நூற்று நாற்பத்தெட்டரை. பட்டை அங்கேதான் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முதல் தாண்டலில் குட்டி எட்டு வந்தது. சிவப்புக் கொடி. இரண்டாவதில் பயந்து வேகத்தைக் குறைத்தாள், ஆறு மீட்டர் பத்து. மூன்றாவது ஆறு பத்தொன்பது. நாலாவது ஆறு இருபத்தாறு. ஐந்தாவதில் மறுபடி சிவப்பு, நகத்தளவு. காத்திருக்கும் நேரத்தில் உட்காரச் சொல்லி எல்லாரும் கெஞ்சினார்கள். அவள் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"அக்கா, உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் நிங்ரும். அவள் ஏற்கெனவே ஆறு மீட்டர் முப்பத்து மூன்று தாண்டி அணியில் இடம் பிடித்திருந்தாள்.

"பாக்காத."

மாஸ்டர் வேலியருகே வந்தார். "நகத்தளவுதான தாண்டிச்சு. அரைப் பாதம் பின்னாடி போறியா?"

பழைய யுப்லினா என்றால் யோசித்திருக்கவே மாட்டாள். இவள் பட்டையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "உங்க நோட்டு என்ன சொல்லுதோ அதுலயே இருக்கட்டும் மாஸ்டர்."

கடைசித் தாண்டல். ஓடத் தொடங்கியதும் சத்தம் எல்லாம் அடங்கியது. வழக்கமாகக் கடைசியில் பலகையைத் தேடும் கண்ணை இந்த முறை தூக்கிக்கொண்டாள். பலகை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கட்டும். குட்டி எட்டு வரவில்லை. அடியில் மரம் அதிர்ந்தது. ஒரு கணம் அவள் கால்களுக்கு அளக்க எதுவுமே இல்லை. பிறகு ஈரமணல்.

வெள்ளைக் கொடி.

தூரம் பார்க்கும் கருவி மழையில் நின்றுபோயிருந்தது. அதிகாரிகள் இரும்பு டேப்பைக் கொண்டுவந்து விரித்தார்கள். மணல் அப்பிய முழங்காலோடு யுப்லினா பலகையிலிருந்து குழிவரை டேப்பை ஒட்டியே குனிந்து குனிந்து நடந்தாள்.

"என்னம்மா தேடுற?" என்றார் அளந்துகொண்டிருந்த அதிகாரி.

"தையல் இருக்கான்னு."

அவருக்குப் புரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆறு முப்பத்தொண்ணு" என்றார் அதிகாரி. அவள் இன்னொரு முறை அளக்கச் சொன்னாள். முப்பத்தொன்றுதான்.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவள் ஓயெபாபிக்கு வந்தாள். ஆராதனை முடிந்ததும் ஒரு சின்னக் கூடையில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து எடுத்துக்கொண்டு தோபியாஸ் வீட்டுக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் மன்னிப்பை வாயால் மட்டும் கேட்டால் பாதிதான் கணக்கு.

அவர் ஒரு பாக்கை எடுத்துக் கடித்தார். நெடுநேரம் மென்றார். அவள் கால்கள் பெஞ்சுக்கு அடியில் ஆடத் தொடங்கின.

"ஆட்ட கட்ட எனக்கு ஒரு நல்ல கல்லு வேணும்" என்றார் கடைசியில். "உன் கல்லு சும்மாதான நிக்குது. இனிமே உனக்குத்தான் டேப் இருக்கே."

"கட்டிக்கோங்க சித்தப்பா. ஆனா அத நகத்த மட்டும் செய்யாதீங்க."

"நகத்தாம எப்படி, அது வெயில்ல இருக்கு, ஆடு காயாதா?" என்றார் அவர்.

அவள் அதற்குள் எழுந்து வாசலைத் தாண்டியிருந்தாள்.